சக்கரத்துக்குள் அடைத்த காற்று

திண்டிவனத்திலிருந்து மேற்கே செஞ்சிக்குச் சென்று, அங்கிருந்து தெற்கே திரும்பினால் அனந்தபுரம் வரும். அதே திண்டிவனத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் புறப்பட்டால் மரக்காணத்து உப்பளங்களையும் கரையோர மணலையும் காணலாம். இடையில் தார்ச்சாலை, செம்மண் தடம், ஏரிக்கரை, சேறு நிறைந்த நெல்வயல், செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த பாறைக் குன்றுகள். பழந்தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பகுத்தனரே, அவற்றின் சாயல் ஒவ்வொன்றும் இந்தச் சிறு வட்டாரத்திலேயே கிடைக்கும். ஒரு ஜீப் ஒரே பகலில் இவ்வளவையும் கடந்துவிடக்கூடும். ஆனால் நான்கு டயர்களிலும் காலையில் அடைத்த அதே காற்றோடு கடப்பது அறிவுடைமை ஆகுமா? சிறிய கேள்விதான். இதற்கு விடை காண மனிதருக்கு ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது.

நம் மாட்டுவண்டியின் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். குடம், ஆரக்கால், வட்டை. வட்டையின்மேல் காய்ச்சிப் பூட்டிய இரும்புப் பட்டை. அந்தப் பட்டையின் அகலம் இரண்டு மூன்று விரற்கடையே. நெல் மூட்டைகளின் பாரம் முழுவதும் அந்தச் சிறு இடத்தின் வழியாகவே மண்ணில் இறங்குகிறது. மண் பிளந்து தடம் பள்ளமாகிறது. அடுத்த மழையில் அந்தப் பள்ளமே வாய்க்காலாகிவிடுகிறது. மாடு நுரை தள்ள இழுப்பது பாரத்தை மட்டுமன்று. மண்ணுக்குள் புதைந்த சக்கரத்தையும் சேர்த்தே இழுக்கிறது.

இந்தத் துன்பத்துக்குக் காற்றே மருந்து என்று முதலில் கண்டவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1845-ஆம் ஆண்டில் அவர் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது மோட்டாரும் இல்லை, இன்றைய சைக்கிளும் இல்லை. குதிரை வண்டிக்கு அத்தனை செலவு செய்வார் இல்லை. கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல்தளத்தில் குலுங்குவதைப் பொறாமல், அதே முறையைத் தாமாகவே கண்டு, 1888-இல் காப்புரிமை பெற்றார். பிறகுதான் தாம்சனின் பழைய உரிமை வெளிப்பட்டு, டன்லப்பின் உரிமை செல்லாதாயிற்று. ஆனால் உலகம் டன்லப்பின் பெயரையே நினைவில் வைத்துக்கொண்டது. வரலாறு எப்போதும் நீதி வழங்குவதில்லை.

காற்றை அடைக்கக் கற்றாயிற்று. எவ்வளவு அடைப்பது? தொடக்க கால மோட்டார்களில் டயர் மெலிந்தது. அதனுள் காற்றோ, சதுர அங்குலத்துக்கு 50 ராத்தலுக்கும் மேலாக விறைக்க அடைக்கப்பட்டது. விறைப்பே வலிமை என்று எண்ணினர். 1923-இல் அமெரிக்காவின் பயர்ஸ்டோன் நிறுவனம் அகன்ற ‘பலூன்’ டயரைக் கொண்டுவந்தபோதுதான், குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று தாங்கும் என்பது பொதுமக்களுக்கு விளங்கியது.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஆளும் பெட்டியும் இல்லாத சிறிய ஜீப்பின் எடை சுமார் ஒரு டன். ஒவ்வொரு சக்கரத்தின் பங்கு 250 கிலோ, அதாவது ஏறக்குறைய 550 ராத்தல். டயரில் 30 ராத்தல் அழுத்தம் இருந்தால் 550-ஐ 30-ஆல் வகுக்க, தரையைத் தொடும் பரப்பு 18 சதுர அங்குலம். அழுத்தத்தைப் பதினைந்தாக்கினால் பரப்பு 37 சதுர அங்குலத்தை நெருங்கும். டயருக்கென்று சொந்த விறைப்பு உண்டாதலால் உண்மை அளவு சற்று மாறும். ஆயினும் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் ரப்பர் அன்று, காற்றே என்பது இதனால் புலப்படும். மேலும், காற்று குறைந்த டயர் அகலத்தில் விரிவதைக் காட்டிலும் நீளத்தில்தான் மிகுதியாகப் படிகிறது. அதனால் மணலை முன்னே குவித்துத் தள்ளாமல் அதன்மேல் ஏறிச் செல்கிறது.

இதைப் பாலைவனத்தில் பட்டறிவாகக் கற்றவர் ரால்ப் பாக்னால்ட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. இந்தியாவின் வடமேற்கு எல்லையிலும் பணியாற்றியவர். எகிப்தின் மேற்கே உள்ள பெருமணற் பரப்பில், எளிய போர்டு மோட்டார்களைக் கொண்டு 1929, 1930-ஆம் ஆண்டுகளில் அவரும் நண்பர்களும் பயணம் செய்தனர். டயரின் காற்றை இறக்கினர். மணற்குன்றைத் தயங்காமல் வேகத்துடன் எதிர்கொண்டனர். புதைந்தபோது இரும்புத் தகடுகளைச் சக்கரத்தின் அடியில் இட்டு மீண்டனர். தண்ணீர் அளவாக உள்ள இடத்தில் வண்டி புதைந்து கிடப்பது உயிர்ப்பிரச்சினை அன்றோ! 1940-இல் அவர் கெய்ரோவில் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படை, அந்தப் பயண அனுபவத்தின் மேல் எழுந்ததே.

அதே 1940-இல் அமெரிக்காவில் ஜீப்பின் முதல் மாதிரி உருவாயிற்று. போர் முடிந்ததும் ஜீப் இந்தியாவுக்குள்ளும் பரவியது. பம்பாயில் மகீந்திரா நிறுவனம் அதைப் பூட்டி விற்றது. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், வட்டார வளர்ச்சி அதிகாரியின் ஜீப் என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு காட்சியாகவே ஆகிவிட்டது. அதற்கு முன்னரே மாட்டுவண்டியிலும் காற்று புகுந்திருந்தது. இன்றும் நம்மவர் ‘டயர் வண்டி’ என்று சொல்கிறார்களே, அது அந்த மாற்றத்தின் நினைவு.

இனி நம் ஜீப்புக்கு வருவோம். தார்ச்சாலையில் செல்லும்போது, செய்தவர்கள் வண்டியிலேயே பொறித்து வைத்த அளவுதான் சரி. சிறிய வண்டிகளுக்கு அது பெரும்பாலும் 25 முதல் 30 ராத்தல் வரை இருக்கும். பின்னால் சுமை ஏற்றினால் பின் டயர்களுக்குச் சற்றுக் கூட்ட வேண்டும். செம்மண் தடத்தில் 20 அளவுக்கு இறக்கினால் குலுக்கலும் குறையும், பிடிப்பும் கூடும். மரக்காணத்துத் தளர்ந்த மணலில் 15 வரை இறங்கலாம். அதற்குக் கீழே போகும்போது, திருப்பத்தில் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. செஞ்சிப் பக்கத்துக் கருங்கல் தரையிலோ வேறு கவலை: மிகத் தளர்ந்த டயரின் பக்கவாட்டுச் சுவரைக் கூர்ங்கல் கிழித்துவிடும். சேற்றுக்குப் பொதுவிதியே இல்லை என்பது என் எண்ணம். மேலே வழுக்கலும் கீழே கெட்டித் தரையுமானால், விறைத்த ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக் கீழே பிடித்துக்கொள்ளும். ஆழச் சேறானால் தளர்ந்த டயரே நல்லது. இறங்கிப் பார்த்து, கோலால் குத்தி அறிவதைவிட வேறு வழி கிடையாது.

காற்றை அளப்பது காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே. ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் சில ராத்தல் கூடித்தான் நிற்கும். அதைக் கண்டு மிகுதி என்று இறக்கிவிட்டால், இரவில் குளிர்ந்தபின் டயர் குறைபட்டு நிற்கும். குறைந்த காற்றோடு தார்ச்சாலையில் விரைந்தாலோ டயர் சுற்றுக்குச் சுற்று மடங்கி விரிந்து, உள்ளுக்குள் கொதித்து வெடிக்கும். மணலில் காப்பாற்றிய அதே தளர்ச்சி சாலையில் ஆளைக் கொல்லும்.

காற்றை இறக்க ஒரு குச்சி போதும், ஏற்றுவதுதான் பாடு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் செய்த ‘டக்’ என்னும் ஆறு சக்கர நீர்நில வண்டி இதற்கு ஒரு வழி கண்டது. டிரைவர் இருந்த இடத்திலிருந்தே, ஓடும்போதே, டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் அதில் குழாய் அமைத்திருந்தனர். 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் கடலைவிட்டு மணலிலும், மணலைவிட்டுச் சாலையிலும் அவை நில்லாமல் ஏறின. எளிய ஜீப்புக்கு அந்த வசதி வரவில்லை. மணலைத் தாண்டியதும் டிரைவர் இறங்கி, சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, கால் பம்பை நான்கு டயர்களுக்கும் மாறி மாறி மிதித்தார். இன்று வண்டியின் பாட்டரியில் இணைக்கும் சிறு மின்பம்பு அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. மரக்காணத்திலிருந்து திண்டிவனம் திரும்புகிறவர், மணல் முடிந்து தார் தொடங்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்தி அதை எடுத்துக்கொள்ளலாம்.