சின்னாறு காட்டின் காவல்குடிகள்
கேரளத்தின் மறையூருக்கு வடகிழக்கே, மழைமறைவுப் பகுதியில் உள்ள சின்னாறு காடு 1984-இல் வனவிலங்குச் சரணாலயமானது. பரப்பு சுமார் 90 சதுர கிலோமீட்டர். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே முதுவர்களும் மலைப்புலையர்களும் இங்கே கேழ்வரகு விதைத்து வாழ்ந்தனர். பின்னாளில் வனத்துறை இக்குடிகளைச் சூழல் மேம்பாட்டுக் குழுக்களில் சேர்த்தது. காட்டின் தடம் அறிந்தவர்கள் தூவானம் அருவிக்கு வழிகாட்டிகளானார்கள். மறையூர்ச் சந்தன மரங்களுக்கு இராக்காவலும் இருந்தார்கள். இக்குடிகளைக் குழுக்களில் சேர்த்தது மிகச் சரியான முடிவு.

இவர்கள் வாழும் இக்காட்டில், ஆற்றங்கரையில் மரக்கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய இடத்தில்தான் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டும். கிளைக்குக் கிளை தாவியே இரை தேடும். நடுவில் ஒரு மரம் விழுந்தாலும் அதன் பாதை அறுந்துவிடும்.

உடுமலை–மூணாறு சாலை இக்காட்டை ஊடறுத்துச் செல்கிறது. அவ்வழி போவோர் வேகத்தைக் குறைத்து, நெகிழிக் குப்பையைத் தம்மோடு எடுத்துச் செல்ல வேண்டும்.