ஈடற்ற நிலம்: கிரேட் நிக்கோபாரும் இழப்பீட்டுத் தர்க்கத்தின் எல்லையும்

ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 நவம்பர் 11 அன்று கிரேட் நிக்கோபார் தீவின் ‘முழுமையான வளர்ச்சி’த் திட்டத்துக்குச் சூழல் அனுமதி வழங்கியது. 130.75 சதுர கிலோமீட்டர் காட்டைப் பிற பயன்பாட்டுக்கு மாற்ற முதல்நிலை ஒப்புதல் அதற்கு இரு வாரம் முன்பே, அக்டோபர் 27 அன்று, கிடைத்துவிட்டது. இத்திட்டம் குறித்த விவாதம் பெரும்பாலும் வளர்ச்சியா இயற்கையா என்ற பழைய தடத்திலேயே ஓடுகிறது. இக்கட்டுரை அனுமதிகளின் உள்ளே இயங்கும் ஒரு கருதுகோளை எடுத்துக்கொள்கிறது: ஓரிடத்தில் அழிவதற்கு ஈடாக இன்னோரிடத்தில் ஒன்றைத் தந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பதே அது. காடு, உயிரினம், மனிதர் என மூன்று தளத்திலும் இக்கருதுகோள் தீவில் செல்லாது என்பதும், ஆகவே இங்கே முடிவெடுக்கும் வரிசையையே மாற்ற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தீவும் திட்டமும்

முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் நக்கவாரத் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில், ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது கிரேட் நிக்கோபார். 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இத்தீவை 2013-இல் யுனெஸ்கோவும் தன் உயிர்க்கோள வலையமைப்பில் சேர்த்துக்கொண்டது. உள்காட்டில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்பவர்கள் ஷோம்பென்கள். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 229 பேர். மேற்கு, தெற்குக் கடற்கரைகள் நிக்கோபாரி மக்களின் பூர்வீக ஊர்கள். கிழக்குக் கரையில், 1969 முதல் அரசு கொண்டுவந்து குடியமர்த்திய முன்னாள் படைவீரர் குடும்பங்கள் உள்ளன. இவர்கள் அனைவரையும் சேர்த்து 2011-இல் தீவின் மக்கள்தொகை எட்டாயிரத்தைச் சற்றே தாண்டியது.

ஏறத்தாழ 72,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கிய திட்டம் இங்கே நான்கு கட்டுமானங்களை வைக்கிறது: கலாத்தியா விரிகுடாவில் ஆண்டுக்கு 1.42 கோடி பெட்டகங்களைக் கையாளும் சரக்குமாற்றுத் துறைமுகம், பன்னாட்டு விமான நிலையம், எரிவாயுவும் சூரிய ஒளியும் சேர்ந்த மின்நிலையம், புதிய நகரம். மொத்தப் பரப்பு 166.10 சதுர கிலோமீட்டர். அதில் துறைமுகத்துக்கு 7.66, விமான நிலையத்துக்கு 8.45, மின்நிலையத்துக்கு 0.39, எஞ்சிய 149.60 சதுர கிலோமீட்டரும் நகரத்துக்கு. பத்தில் ஒன்பது பங்கு நிலம், மூன்றரை லட்சம் பேர் குடியேறப்போகும் நகரத்துக்குரியது என்ற இந்த விகிதம் பின்னர் வரும் வாதங்களுக்கு அடிப்படையானது.

காட்டுக்கு ஈடு

வெட்டப்படவுள்ள மரங்கள் முதலில் 8.52 லட்சம் என்றும் பின்னர் 9.64 லட்சம் என்றும் அரசுத் தரப்பிலேயே மதிப்பிடப்பட்டன. அந்தமான் நிக்கோபார் யூனியன் பிரதேசத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே காடாக இருப்பதால், மாற்றுக் காடு வளர்ப்புக்கு அரியானா தேர்ந்தெடுக்கப்பட்டது. விதிகள் இதை அனுமதிக்கின்றன. கேள்வி சட்டம் மீறப்பட்டதா என்பது பற்றியதன்று, இச்சட்டம் காட்டை எதுவாகக் கருதுகிறது என்பது பற்றியது. ஆண்டின் பெரும்பகுதி மழை பெறும் வெப்பமண்டலப் பசுமைமாறாக் காட்டுக்கும், ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஆரவல்லி அடிவார வறள்நிலத்தில் நடப்படும் கன்றுகளுக்கும் பொதுவாக இருப்பது ஹெக்டேர் என்ற அளவை மட்டுமே. நிக்கோபார் தீவுகளுக்கே உரிய மரமூஞ்சூறும் நீள்வால் குரங்கும் அரியானாவில் குடியேறப்போவதில்லை. நிலப்பகுதிக் காட்டின் ஒரு துண்டு அழிந்தால் அங்குள்ள உயிர்களில் சில பக்கத்துக் காட்டுக்கேனும் ஒதுங்கலாம். தீவில் அந்தப் பக்கத்துக் காடும் ஓர் எல்லையோடு முடிந்து, அதற்கப்பால் கடல்தான் இருக்கிறது.

உயிரினங்களுக்கு ஈடு

கலாத்தியா விரிகுடா, தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் இந்தியக் கரைகளுள் முதன்மையானது. முதுகில் ஓடும் ஏழு வரிகளைக் கொண்டு தமிழக மீனவர் ஏழுவரி ஆமை என்று அழைப்பது இதைத்தான். 2021 ஜனவரியில் இரண்டு முடிவுகள் ஒருசேர வந்தன. தேசியக் கடலாமைச் செயல்திட்டம் இவ்விரிகுடாவை முக்கிய முட்டையிடும் தலமாகக் குறித்தது. அதே மாதம், தேசியக் காட்டுயிர் வாரியத்தின் நிலைக்குழு கலாத்தியா விரிகுடா சரணாலயத்தின் அறிவிக்கையை நீக்க ஒப்புதல் தந்தது. பதிலுக்கு லிட்டில் நிக்கோபார், மென்சால், மெரோ தீவுகளில் ஆமை, மெகாபோடு பறவை, பவளப்பாறை ஆகியவற்றுக்கெனத் தனித்தனிச் சரணாலயங்கள் முன்வைக்கப்பட்டன. விரிகுடாவின் மேற்குக் கரை ஆமைகளுக்காகத் தீண்டப்படாமல் விடப்படும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆனால் ஆமை நேரே மணலில் வந்து இறங்குவதில்லை. விரிகுடாவின் வாய் வழியாகத்தான் கரை சேர வேண்டும். அந்த வாயில்தான் அலைதடுப்புச் சுவர், தூர்வாரல், இரவெல்லாம் எரியும் விளக்கு, ஓயாத கப்பல் போக்குவரத்து எல்லாம் வருகின்றன.

நிக்கோபார் மெகாபோடு இன்னும் கூர்மையான சான்று. இப்பறவை அடைகாப்பதில்லை. கடலோரக் காட்டின் விளிம்பில் மணலையும் சருகையும் காலால் வாரிக் குவித்து மேடாக்கி, அதற்குள் முட்டையைப் புதைக்கும். சருகு மக்கும் வெப்பமே முட்டையைப் பொரிக்க வைக்கும். குஞ்சு தானாகவே மண்ணைக் கிளறி வெளிவந்து, தாய்ப் பறவையின் துணையின்றி வாழத் தொடங்கும். இந்த ஏற்பாட்டுக்குத் தளர்ந்த மணலும், மேலிருந்து சருகு உதிர்க்கும் மரமும், அலை எட்டாத ஆனால் கரையை விட்டு விலகாத ஓர் இடைநிலமும் ஒருங்கே வேண்டும். துறைமுகமும் சாலையும் முதலில் கேட்பது அதே இடைநிலத்தைத்தான். திட்டப்பகுதியிலுள்ள 51 கூடுகளில் ஏறத்தாழ 30 நிலையாக அழியும் என்பது அனுமதி நடைமுறையிலேயே பதிவான செய்தி. பவளங்களில் 16,150 தொகுதிகள் பெயர்த்து நடப்படும் என்கிறது திட்டம். பெயர்த்து நடப்படும் பவளம் புது இடத்தில் தழைக்கலாம், தழைக்காமலும் போகலாம். அது தெரியவருமுன் பழைய இடம் மீட்க முடியாதபடி மாறியிருக்கும்.

மக்களுக்கு ஈடு

திட்ட நிலத்தில் 84.1 சதுர கிலோமீட்டர், 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ்க் காக்கப்பட்ட பகுதி. வேறிடத்தில் 76.98 சதுர கிலோமீட்டர் புதிதாக அறிவிக்கப்படுவதாலும், நீக்கப்படுவதில் ஒரு பகுதி ஏற்கெனவே வேறு வகைப்பாட்டில் இருப்பதாலும் நிகர இழப்பு இல்லை என்பது அரசின் கணக்கு. எண்ணளவில் இது சரியாகவே இருக்கட்டும். வேட்டைப் பாதையும் நீரோடையும் தாழைக் கூட்டமும் இருக்கும் இடம் தலைமுறைகளாக அறியப்பட்ட இடம். அந்த அறிவை வரைபடத்தில் நகர்த்திக் கோடிட முடியாது.

நிக்கோபாரிகளின் நிலை வேறு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தற்காலிகம் என்று சொல்லி அவர்கள் காம்பெல் விரிகுடா அருகேயும் நியூ சிங்கென்னிலும் குடியமர்த்தப்பட்டனர். பூர்வீக ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை இன்றுவரை நிறைவேறவில்லை. 2022 ஆகஸ்டில் அவர்களின் பழங்குடி மன்றம் திட்டத்துக்குத் தடையின்மைச் சான்று தந்தது. கையளிக்கப்படும் நிலத்தில் தங்கள் பழைய ஊர்களும் அடங்கும் என்று தெரிந்ததும், அதே ஆண்டு நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற பிறகும் முன்னர் தந்த சான்றின் பலன் மட்டும் நிலைத்திருக்கிறது. பவளத்துக்கும் பறவைக்கும் ஈடாகக் காட்டப்பட்ட மெரோ, மென்சால் தீவுகளும் இம்மக்கள் மரபுரிமை கொண்டாடுபவையே. ஓர் இழப்பை ஈடுசெய்ய, அதே மக்களின் மற்றோர் உடைமையை எடுப்பதாக முடிந்திருக்கிறது இந்த ஏற்பாடு.

ஷோம்பென்களிடம் சம்மதம் கேட்பதே சிக்கல். வெளியுலகத் தொடர்பு அவர்களுக்கு நோய் அபாயம். தொடர்பின்றிச் சம்மதம் பெற இயலாது. நோய் அபாயம் வெறும் அச்சமன்று. 1858-இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு அமைந்தபின், ஆயிரக்கணக்கில் இருந்த பேரந்தமானியர் நோயாலும் மோதலாலும் கரைந்து 1961 கணக்கெடுப்பில் 19 பேராயினர். ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் ஊடே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையின் பகுதிகளை மூடும்படி 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை தொடர்ந்து ஓடியது. ஒரு சாலையையே கட்டுப்படுத்த இயலாத நிர்வாகம், மூன்றரை லட்சம் பேர் கொண்ட நகரத்தின் விளிம்பில் இருநூற்றுச் சொச்சம் பேரைக் காத்துவிடும் என்பதற்கு எந்த முன்னனுபவமும் ஆதரவாக இல்லை. பெருந்திட்டங்கள் வரும்போது ஷோம்பென்களின் நலனும் வாழ்வொழுங்கும் முதன்மை பெற வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் ஷோம்பென் கொள்கை, சரக்குமாற்றுத் துறைமுகத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்லி, முன்கூட்டியே அறிவுறுத்தியிருந்தது.

எதிர்வாதங்கள்

முதலாவது, நாட்டின் பாதுகாப்பு. மலாக்கா நீரிணையின் மேற்கு வாயிலில் இருக்கும் இத்தீவின் முக்கியத்துவத்தை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் ஐ.என்.எஸ். பாஸ் கடற்படை வான்தளம் 2012 முதலே காம்பெல் விரிகுடாவில் இயங்குகிறது. அதை வலுப்படுத்துவதும் 149.60 சதுர கிலோமீட்டரில் நகரம் எழுப்புவதும் வெவ்வேறு தேவைகள். பாதுகாப்பின் பெயரால் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்கு நியாயம் கற்பிக்கலாம். மீதிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இரண்டாவது, பொருளாதாரம். இந்தியச் சரக்கு கொழும்பு வழியாகப் போவதைத் தடுக்க ஆழ்துறைமுகம் வேண்டும் என்பது சரி. அதற்காகவே விழிஞ்ஞம் துறைமுகம் வந்து 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உற்பத்தியும் நுகர்வும் உள்ள பின்னிலம் ஏதுமற்ற தீவுக்கு இந்தப் போட்டியில் இடமுண்டு என்பதை மெய்ப்பிக்கும் கடமை திட்டத்தை முன்வைப்பவருடையது. நிலநடுக்க அபாயம் மிக உயர்ந்த மண்டலத்தில் தீவு இருப்பதும் இக்கணக்கில் சேர வேண்டும். 2004-இல் தீவின் தெற்கு நுனியான இந்திரா முனைப் பகுதி ஏறத்தாழ நான்கு மீட்டர் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. துறைமுகத்துக்குரிய விரிகுடா அதற்கு மிக அருகில் இருக்கிறது.

முடிவு

ஈடுசெய்ய முடியாத இழப்பைத் தடுக்க இந்தியச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பாலாற்றுப் படுகையைக் கெடுத்த தமிழகத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய 1996-ஆம் ஆண்டின் வேலூர்க் குடிமக்கள் வழக்கில், மீளாச் சேதம் நேரக்கூடிய இடத்தில் முன்னெச்சரிக்கையே நெறி என்றும், தீங்கில்லை என்று நிறுவும் பொறுப்பு தொழில் தொடங்குபவருடையது என்றும் உச்ச நீதிமன்றம் வகுத்தது. நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டுவது குறித்த 2013-இன் தீர்ப்பில் முடிவைக் கிராம சபைகளின் கையில் விட்டது. பன்னிரண்டு சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. அம்மலையின் பழங்குடியினரான டோங்ரியா கோந்துகள் சபையில் எழுந்து பேச முடிந்தது. ஷோம்பென்களால் முடியாது என்பதற்காக அவர்களின் உரிமை சுருங்கிவிடாது. சம்மதம் பெற முடியாத இடத்தில், சம்மதம் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே தீவுகளுக்கென மூன்று விதிகள் தேவை. ஓரிடத்துக்கே உரிய உயிரினங்களும் தொடர்பற்ற பழங்குடிகளும் உள்ள நிலத்துக்கு மாற்றுக் காடு, மாற்றுச் சரணாலயம், மாற்றுக் காப்பகம் ஆகியவற்றை அனுமதிக்கு அடிப்படையாக ஏற்கக் கூடாது. பழங்குடி மன்றம் திரும்பப் பெற்ற சம்மதம் சட்டத்தின் கண்ணிலும் திரும்பப் பெற்றதாகவே இருக்க வேண்டும். பாதுகாப்புத் தேவையையும் வணிகத் தேவையையும் தனித்தனித் திட்டங்களாகப் பிரித்து, தனித்தனியே மதிப்பிட வேண்டும். இந்த மூன்றையும் கிரேட் நிக்கோபாருக்குப் பொருத்தினால் வான்தளம் நிற்கும், நகரம் நிற்காது. இழப்பின் பெரும்பகுதி நகரத்தால் வருவதாதலால், அந்த முடிவுக்குத் தேசம் தரும் விலை மிகச் சிறியது.