கார்மென் மிராண்டா: யாருடைய முண்டாசு?

தலையில் பழங்கள் குவிந்த முண்டாசு, இடுப்பு தெரியும் உடை, உடைந்த ஆங்கிலம், ஓயாத சிரிப்பு. 1940களில் ஹாலிவுட் உலகுக்கு விற்ற 'லத்தீன் அமெரிக்கப் பெண்' இதுதான். இந்தப் பிம்பத்தைச் சுமந்த பாடகி கார்மென் மிராண்டா பிரேஸிலில் பிறந்தவரே அல்ல. 1909ல் போர்த்துக்கல்லில் பிறந்து, கைக்குழந்தையாக ரியோ டி ஜெனிரோவுக்கு வந்துசேர்ந்தவர். அப்பா முடிதிருத்துபவர். அம்மா பின்னாளில் விடுதி நடத்தினார். இவர் பதின்வயதில் தொப்பிக்கடையில் வேலை பார்த்தார். போர்த்துக்கீசியக் குடியுரிமையைக் கடைசிவரை விடவில்லை.

'அப்ப இவர் போலி' என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அசல்/போலி என்கிற எதிர்வு எப்பவும் யாருக்கோ வசதியாக இருக்கிறது. யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

பிரேஸிலில் அடிமைமுறை 1888ல்தான் ஒழிந்தது. அதையொட்டிய காலத்தில் பாஹியா மாநிலத்திலிருந்து ரியோவுக்கு வந்த கறுப்பினப் பெண்களின் வீட்டு முற்றங்களில் ஸாம்பா வளர்ந்தது. போலீஸ் கெடுபிடியும் கூடவே இருந்தது. 1930களில் இசைத்தட்டும் வானொலியும் வர்காஸ் அரசும் சேர்ந்து அதையே 'தேசிய இசை' ஆக்கின. 1930லேயே ஒரு கார்னிவல் பாட்டால் புகழடைந்த கார்மெனின் குரல் இதற்குப் பொருந்தி வந்தது. அஸிஸ் வலென்ட்டி போன்ற கறுப்பினப் பாட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள்; மேடையில் தெரிந்த முகம் வெள்ளை முகம்.

1939ல் ஒரு பிரேஸில் படத்தில் இவர் 'பாயானா' வேஷம் கட்டினார். பாயானா என்றால் பாஹியாவின் சால்வடோர் நகரத் தெருக்களில் தின்பண்டம் விற்கும் கறுப்பினப் பெண். அகன்ற பாவாடை, மணிமாலைகள், முண்டாசு, தலைச்சுமையாகக் கூடை. பாட்டைக் கட்டியவர் அதே ஊர்க்காரரான டோரிவல் காய்மி. பிழைப்புக்காகத் தலையில் ஏறிய கூடை, திரையில் சின்னதாகி, மினுக்கம் ஏறி, அலங்காரமாயிடுச்சு.

அதே வருஷம் லீ ஷூபர்ட் என்ற நாடக முதலாளி இவரை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். ஐரோப்பியச் சந்தையைப் போர் அடைத்துவிட்டது. ஹாலிவுட்டுக்குத் தென்பகுதிச் சந்தை தேவைப்பட்டது. ரூஸ்வெல்ட் அரசுக்கு 'நல்ல அண்டைவீட்டார்' கொள்கை இருந்தது. 1940-41ல் வந்த மூன்று படங்களில் கதை ஒன்றில் அர்ஜென்டினா, ஒன்றில் ரியோ, ஒன்றில் ஹவானா. இவருடைய வேஷம் மட்டும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு கண்டத்தின் வேறுபாடுகளை அழிக்க ஒரு முண்டாசு போதுமானதாக இருந்தது.

1940 ஜூலையில் ரியோ திரும்பி உர்கா சூதாட்ட விடுதியில் பாடினார். கூடியிருந்தவர்கள் மேட்டுக்குடியினர். ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னவருக்குக் கைதட்டல் இல்லை. அமெரிக்கக்காரியாகிவிட்டாள் என்றார்கள். சில வாரங்களில் அந்தக் குற்றச்சாட்டையே கேலிசெய்யும் பாட்டோடு அதே மேடையில் ஏறி ஜெயித்தார்.

ஆனால் அக்காலப் புகார்களில் இன்னொன்றும் இருந்தது: பிரேஸிலை உலகுக்குக் கறுப்பாகக் காட்டுகிறாள் என்பது. அமெரிக்காவை நோக்கி நகர்ந்ததும் தப்பு, ஆப்பிரிக்காவை அணிந்ததும் தப்பு. 'அசலை'க் காக்கப் புறப்பட்டவர்கள் எந்த அசலைக் காத்தார்கள்? பாயானாவின் உடை பறிபோனதே என்று அந்தச் சூதாட்ட விடுதியில் யார் வருத்தப்பட்டார்கள்?

பறித்தவராக மட்டும் கார்மெனைப் பார்ப்பதும் பாதி உண்மைதான். ஹாலிவுட் அவரிடமிருந்து வேறெதையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. மாத்திரைகளை நம்பி ஓடியது உடம்பு. 14 வருஷம் பிரேஸிலுக்குப் போகாமல் 1954 டிசம்பரில்தான் போனார். 1955 ஆகஸ்ட் 4ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஆடுகையில் தடுமாறினார். மறுநாள் அதிகாலை மாரடைப்பு, வயது 46. ரியோவில் லட்சக்கணக்கானோர் திரண்டு அடக்கம் செய்தார்கள்.

பாயானாக்கள் இன்னும் தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய தொழிலைப் பிரேஸில் அரசு 2005ல் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. ஆனாலும் 2014 உலகக் கோப்பைக்கான ஏற்பாடுகளில், சால்வடோர் விளையாட்டரங்கில் தங்கள் பண்டத்தை விற்கும் உரிமையை அவர்கள் போராடித்தான் பெற வேண்டியிருந்தது.