குற்றாலமலைக் குரங்கினங்கள்: சொல்லும் காடும்

தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றைத் தனித்தனியே சுட்டி, மூன்றன் பெண்ணுக்கும் மந்தி என்னும் பெயரை உரியதாக்குகிறது. குரங்கினங்களை வேறுபடுத்தி அறிந்த சமூகத்தின் பதிவு இது. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் மலைவளப் பகுதியிலும் வானரமும் மந்தியும் இடம்பெறுகின்றன. ஆனால் அவை எவ்வினத்தவை எனத் துணிய அந்நூலில் இடமில்லை. அதனைச் சிங்கவால் குரங்கிற்குச் சான்றாகக் காட்டுவது மிகையாகும்.

அருவிக்கரையில் இன்று காணப்படுவது நாட்டுக்குரங்கு. மனிதர் தரும் உணவைக் கொண்டே அது வாழ்ந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிங்கவால் குரங்கிற்கு அது இயலாது. வெடிப்பலா முதலிய பசுமைமாறா மரங்களின் கனியையும் விதையையும் பெரிதும் நம்பி, மரவுச்சியிலேயே அது வாழ்கிறது. கிளைத்தொடர் அறுந்தால் அதன் வழியும் அறுந்துவிடுகிறது.

அவ்வறுதிக்கு நெடிய வரலாறு உண்டு. ஆங்கிலக் கும்பினியார் குற்றாலத்தில் நறுமணப்பயிர்த் தோட்டம் அமைத்தனர். பின்னர் அகத்தியமலைத் தொடரின் உயர்காடுகளிலும் தோட்டப்பயிர்கள் புகுந்தன. 1904இல் செங்கோட்டை, கொல்லம் இருப்புப்பாதை ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தது. கணவாயின் இருபுறமும் தேக்கும் இரப்பரும் பரவின.

கருமந்திக்கு நேர்ந்த கேடு வேறுவகையானது. அதன் இறைச்சி மருந்தாகும் என்ற நம்பிக்கையால், கருங்குரங்கு இரசாயனம் என்ற பெயரில் விற்பனைக்காகவே அது வேட்டையாடப்பட்டது. காடு நின்ற இடத்திலும் விலங்கு குறைந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவ்வேட்டையைக் குற்றமாக்கியது.

சிங்கவால் குரங்கிற்கெனக் களக்காடு சரணாலயம் 1976இல் அமைந்தது; 1988இல் முண்டந்துறையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. குற்றாலம், கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரிப் பகுதிக் காடுகள் நெல்லை வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. கணவாயின் மேற்குச் சரிவு இன்றும் கேரளத்திற்குரியது. தெற்கே அகத்தியமலைக் காட்டையும் வடக்கே பெரியாற்றுக் காட்டையும் பிரிக்கும் அக்கணவாயில் சாலையும் இருப்புப்பாதையும் தோட்டங்களும் நிற்கின்றன. இரு காடுகளையும் இணைக்கும் மரக்கிளைத் தொடர் அங்கு இல்லை.