75 ரூபாய்க்குக் கணக்கு போட்டவர்

1910-ஆம் ஆண்டின் இறுதியில், நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவைப் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். முகத்தில் சவரம் செய்யாத தாடி, கக்கத்தில் நைந்துபோன நோட்டுப் புத்தகம். அவர் காட்டிய கணக்குகள் ராவுக்கு முதலில் பிடிபடவில்லை. சில சந்திப்புகளுக்குப் பிறகு, "உனக்கு என்னதான் வேண்டும்?" என்று கேட்டார். வயிற்றுப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம், கணக்கு போடப் பொழுது, அவ்வளவே போதும் என்றார் சீனிவாச ராமானுஜன்.

அப்படியொரு வேலை அன்றைய சென்னை மாகாணத்தில் கிடையாது. கணிதம் தெரிந்தவர் வாத்தியார் ஆகலாம், கணக்குப்பிள்ளை ஆகலாம். அதற்கும் பட்டம் இருந்தால்தான் எளிது. ராமானுஜனோ கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும், பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். கணக்கைத் தவிர வேறு எந்தப் பாடத்திலும் அவர் மனம் நிற்கவில்லை. 1909-இல் கல்யாணமும் ஆகிவிட்டது, சம்பாத்தியம் இல்லை.

ராவிடம் வருவதற்கு முன்பே திருக்கோவிலூருக்குப் போய், டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டிருந்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் ஐயர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், வேலை தர மறுத்துவிட்டார். இந்த அறிவைத் தாலுகா ஆபீஸ் கோப்புகளுக்குள் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. வேலையை மறுத்ததே ராமானுஜனுக்குச் செய்த பெரிய உதவி. கையோடு சென்னைக் கணித ஆசிரியர்களுக்குச் சிபாரிசுக் கடிதமும் கொடுத்தனுப்பினார்.

ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்தே கொடுத்துவந்தார். ஒருவர் தயவில் நெடுநாள் காலம் தள்ள ராமானுஜனுக்குக் கூச்சம். 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே அதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதக்காரர். இரவுகளில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். காகிதம் விலை அதிகம் என்பதால் ராமானுஜன் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார்.

1913 ஜனவரி 16 அன்று அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் ஊரறிந்த கதை. அடுத்த மாதம் சென்னையில் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. துறைமுகத்துக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அந்த நோட்டுகளைப் பார்த்தார். மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். எம்.ஏ. முடித்தவருக்கே ஆராய்ச்சி உதவித்தொகை என்பது விதி. எஃப்.ஏ. தேறாதவருக்காகப் பல்கலைக்கழகம் அந்த விதியைத் தளர்த்தியது.

1913 மே முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. நிபந்தனை ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். ஆபீஸ் கிடையாது, பாடம் நடத்த வேண்டியதில்லை. ராமானுஜன் கேட்ட வேலை அப்படியே கைக்கு வந்தது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறுவதற்குள் மூன்று அறிக்கைகள் எழுதிக் கொடுத்தார். இன்று அவர் பெயரால் வழங்கும் 'மாஸ்டர் தேற்றம்' அவற்றில்தான் இருக்கிறது.

ஒரு கலெக்டர், ஒரு டெபுடி கலெக்டர், ஒரு துறைமுக அதிகாரி, ஒரு வானிலை அறிஞர் என்று இத்தனை பேர் முட்டுக்கொடுத்த பிறகே அந்த 75 ரூபாய் கிடைத்தது. இவர்களில் ஒருவர் கைவிட்டிருந்தாலும் அந்த நோட்டுகள் கும்பகோணத்துப் பரணிலேயே கிடந்திருக்கலாம். சான்றிதழ் இல்லாமல் திறமையோடு மட்டும் வந்து நிற்பவருக்காக, நம் பல்கலைக்கழகங்கள் அப்படி ஒரு வாசலை விதியாகவே எழுதி வைக்க வேண்டும்.