சயனைடு மேட்டின் வாரிசுகள்

தாம்பரத்துக்கு மேற்கே எருமையூர், படப்பை வட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் கல்குவாரி புதிதல்ல. கல் தீர்ந்ததும் குவாரிக்காரர் கிளம்பிவிடுவார். பள்ளம் ஊரோடு தங்கிவிடும். அந்தப் பள்ளமும் சில நேரம் கைகொடுப்பதுண்டு. 2017 வறட்சியில் குன்றத்தூருக்கு அருகே சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கிய மழைநீரைச் சோதித்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு ஊரையே உண்டாக்கிய பெரிய சுரங்கம் நஷ்டத்தில் மூழ்கி மூடப்பட்டால், அது விட்டுப்போனதை யார் சுத்தம் செய்வது? இதற்கான பாடம் பக்கத்திலேயே இருக்கிறது: கோலார் தங்கவயல்.

இன்று கேஜிஎஃப் என்றால் ராக்கி பாய்தான் ஞாபகத்துக்கு வருவார். அந்தப் படத்துக்காக அங்கே போட்டது செட். அது நின்ற சாம்பல் நிற மேடு மட்டும் நிஜம். ஊர்க்காரர்கள் அதைச் சயனைடு மேடு என்கிறார்கள். ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கம்தான் இருக்கும். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தபின் மிச்சமாகும் மாவைக் கொட்டிக்கொண்டே போனார்கள். நூற்றிருபது வருஷத்தில் கிடைத்த தங்கம் சுமார் 800 டன். கொட்டிய மாவு மூன்று கோடி டன்னுக்கு மேல்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் வந்தது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரமும் வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் தலித்துகள். பண்ணையாளின் கட்டிலிருந்து தப்பிக் கூலி வாங்கப் போன இடம் அது. கூலியோடு வேறொன்றும் அங்கே முளைத்தது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேர்பிடித்தது; சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை நூல்கள் பதிப்பித்தது. மண்ணுக்கு அடியில் பாறை வெடித்துச் சாவதும், மேலே படித்துச் சங்கம் வைப்பதும் ஒரே தலைமுறையின் வாழ்க்கையாக இருந்தன.

1956இல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய அரசு. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. பாறையில் தங்கம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கிராம் எடுக்க ஆகும் செலவு ஏறிக்கொண்டே போனது. 1992இல் நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். நீர் இறைக்கும் பம்புகள் நின்றன, சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. வேலை போனவர்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தார்கள். மேடு அங்கேயே நின்றது. கோடைக் காற்றில் அந்தத் தூசு லைன் வீடுகளின் சோற்றுப் பானை வரைக்கும் வரும்.

கவனிக்க வேண்டிய தேதி ஒன்று உண்டு. சுரங்கத்தை மூடும் திட்டம் முன்கூட்டியே வேண்டும், அதற்கான பணத்துக்கு உத்தரவாதம் கட்ட வேண்டும் என்று நிலக்கரி அல்லாத பெரிய கனிமச் சுரங்கங்களுக்கு இந்தியாவில் விதி வந்தது 2003இல். கேஜிஎஃப் மூடி இரண்டு வருஷம் கழித்து! அப்போதும் உத்தரவாதத் தொகை ஹெக்டேருக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய்தான்.

உத்தரவாதம் இருந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு ஸ்காட்லாந்து சாட்சி. 2013 ஏப்ரலில் ஸ்காட்டிஷ் கோல் என்ற நிலக்கரி நிறுவனம் திவாலானது. திறந்தவெளிச் சுரங்கங்களை மூடிச் சரிசெய்ய வாங்கிவைத்திருந்த ஈட்டுத்தொகை செலவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சொத்தை விற்றுக் கடன் தீர்க்க வந்தவர்கள், சுமையாக இருக்கும் சுரங்கங்களைக் கைகழுவ அனுமதி கேட்டார்கள். கீழே கிடைத்த அனுமதியை அந்த வருஷ டிசம்பரில் மேல் அமர்வு ரத்து செய்தது. லாபம் தரும் சொத்தை வைத்துக்கொண்டு நாசமான நிலத்தை மட்டும் தள்ளிவிட முடியாது என்பதுதான் அதன் சாரம். தீர்ப்பு சரி. ஆனால் தீர்ப்பால் பள்ளம் நிரம்புமா? காலியான கஜானாவில் எடுக்க ஒன்றுமில்லை.

கேஜிஎஃப் கதையில் திருப்பம் என்னவென்றால், நாசமே சொத்தாகிவிட்டது. அரைத்த மாவில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது. சுரங்கத்தைத் தாங்களே நடத்துகிறோம் என்று தொழிலாளர் சங்கங்கள் வருஷக்கணக்கில் வழக்காடின. 2013இல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய டெண்டருக்கு வழிவிட்டது. 2024 ஜூனில், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல் பரந்த 13 மேடுகளிலிருந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பத்திரிகைகள் இதையும் ‘மீட்பு’ என்றுதான் எழுதும். எதை மீட்பது? தங்கத்தையா, நிலத்தையா?

இரண்டும் வேறு வேலை. தங்கத்தை எடுத்த பிறகும் மாவு மாவுதான். மூன்று கோடி டன் மறுபடி எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். அதை மூடி மண் போட்டுச் செடி வளர்க்கப் போகிறார்களா, பழைய சுரங்கக் குழிக்குள் அடைக்கப் போகிறார்களா, பக்கத்தில் இன்னொரு மேடாகக் கொட்டப் போகிறார்களா என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும், பணத்தையும் வேலை தொடங்கும் முன்பே தனியாக எடுத்து வைக்க வேண்டும். நிறுவனம் திவாலானால் கடன்காரர்களின் வரிசை ஒன்று உருவாகும். வங்கி, அரசு, சப்ளையர் என்று எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. நாலு தலைமுறையாக அந்தத் தூசைச் சுவாசித்தவர்கள் அந்த வரிசையில் ஒருநாளும் நிற்கவைக்கப்படவில்லை. இந்த முறையாவது அவர்களை முன்னால் நிறுத்த வேண்டும்.