அரண்மனை போயிற்று, பள்ளிவாசல் நின்றது

சென்னைக் கடற்கரைச் சாலையில் எழிலகத்தைக் கடந்து செல்லும் நம்மவருள் பலர், அதன் பின்னே உயர்ந்து நிற்கும் செந்நிறக் கட்டடத்தை ஏதோ ஓர் அரசு அலுவலகம் என்றே எண்ணிப் போகின்றனர். ஒரு காலத்தில் அதுவே கர்நாடக நவாபுகள் கொலுவீற்றிருந்த சேப்பாக்கம் அரண்மனை. அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளி என்னும் வாலாஜா மஸ்ஜித் வந்துவிடும். இரண்டையும் எழுப்பியது ஒரே குடும்பம். அவற்றுள் ஒன்று கைமாறிப் போனது. மற்றொன்றில் இன்றும் ஐவேளை பாங்கு ஒலிக்கிறது. இந்த வேற்றுமை நம் சிந்தனைக்குரியது.

நவாப் முஹம்மது அலி வாலாஜா அவர்கள் ஆற்காட்டை விட்டுச் சென்னையில் குடியேற விரும்பி 1768-ஆம் ஆண்டில் சேப்பாக்கத்தில் மாளிகை அமைத்தார்கள். கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என இரு பகுதிகள். கூவம் ஆற்றங்கரை தொடங்கிப் பரந்து கிடந்த தோட்டம். நகரா முழங்கும் நக்கார் கானா வாயில். இத்துணைச் சிறப்பிருந்தும் அடித்தளத்தைக் கடன் அரித்துக்கொண்டிருந்தது. போர்ச் செலவுக்காகக் கும்பினி வெள்ளையரிடம் நவாப் பட்ட கடன், 1785-இல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எடுத்துப் பேசுமளவுக்கு வளர்ந்திருந்தது.

1801-இல் நாட்டின் நிர்வாகம் முழுவதும் கும்பினியின் கைக்குச் சென்றது. பட்டம் மட்டுமே எஞ்சியது. 1855-இல் நவாப் குலாம் முஹம்மது கௌஸ் கான் ஆண் வாரிசின்றி மறைந்தபோது, அதனையும் கும்பினி ஒழித்தது. சிறிய தந்தையார் அஸீம் ஜா அவர்களின் உரிமை மறுக்கப்பட்டது. 1859-இல் அரண்மனை ஏலத்திற்கு வந்தது. ஏலத்தில் எடுத்ததும் அரசாங்கமே! பின்னர் 1867-இல் அஸீம் ஜா அவர்களுக்கு 'அமீரே ஆற்காடு' என்னும் பட்டம் வழங்கப்பட்டது. அக்குடும்பம் 1876 முதல் இராயப்பேட்டை அமீர் மஹாலில் வாழ்ந்து வருகிறது.

நக்கார் கானா மறைந்தது. தோட்டம் துண்டு துண்டாகி, அதில் ஒரு பகுதி கிரிக்கெட் மைதானமாயிற்று. முன்னே எழுந்த அலுவலகக் கட்டடங்கள் மாளிகையைக் கடலின் கண்ணிலிருந்தே மறைத்துவிட்டன. 2012 ஜனவரியில் கலஸ் மஹாலைத் தீ உண்டது. அதன் பின்னரே அரசு அதனைச் செப்பனிட்டது.

இனிப் பெரிய பள்ளிக்குள் நுழைவோம். கருங்கல்லால் எழுந்த இவ்விறையில்லம் நிறைவுற்ற ஆண்டை அறிய அப்ஜத் கணக்கு நமக்கு உதவுகிறது. இறைவனை நினைவுகூர்வதே மேலானது என்னும் பொருள் தரும் ஓர் அரபுத் தொடரில் அவ்வாண்டு பொதிந்துள்ளது. 'திக்ர்' என்பதற்கு 920, 'அல்லாஹ்' என்பதற்கு 66, 'அக்பர்' என்பதற்கு 223. கூட்டினால் 1209. அந்த ஹிஜ்ரி ஆண்டு கி.பி. 1794-95-ஐக் குறிக்கும். இதனை அமைத்துத் தந்தவர் நவாபின் அவையில் பார்ஸி மொழியில் வல்லவராய் விளங்கிய ராஜா மக்கன் லால் என்னும் இந்துப் பெருமகன். அந்த நேசம் இன்றும் வாடவில்லை. ரமளானில் நோன்பாளிகளுக்கு இப்பள்ளியில் இஃப்தார் உணவு பரிமாறுவோரில் சிந்தி இந்து அன்பர்களைப் பல ஆண்டுகளாகக் காண்கிறோம்.

பள்ளி வளாகத்தில் லக்னோவிலிருந்து வந்து அறிவொளி பரப்பிய பஹ்ருல் உலூம் மௌலானா அப்துல் அலீ (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ளார்கள். 1972-இல் மறைந்த காயிதே மில்லத் அவர்களும் இங்கேயே துயில்கிறார்கள். ஆனால், இப்பள்ளி நிறைவுற்ற காலத்திலேயே, 1795-இல், மறைந்த நவாப் வாலாஜா இங்கு இல்லை. அன்னாரின் உடல் திருச்சி நத்ஹர் வலி (ரஹ்) தர்காவில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

தமக்கென்று கட்டியதைக் கடன்காரரும் ஆட்சியாளரும் கொண்டு போயினர். அல்லாஹ்வுக்கென்று விட்டதை எவரும் ஏலம் கூற இயலவில்லை. வக்பு என்பதன் பொருளை இதனினும் தெளிவாக எந்த நூல் நமக்குக் கற்பிக்கும்?

எனினும், ஏலக்காரனால் அழியாததை நம் கைகளே அழித்துவிடக்கூடும். ஊர்தோறும் பழைய பள்ளிகளைப் புதுப்பிக்கிறோம், நல்ல காரியமே. ஆனால், சுவரை இடிக்கும்போது கல்வெட்டையும் பெயர்த்து எறிந்துவிட்டுப் பளிங்கு பதிக்கிறோம். கட்டியவர் யார், நிலம் தந்தவர் யார், எந்த ஆண்டு என்பதெல்லாம் அந்தக் கல்லோடு மண்ணாகின்றன. நாளை வக்பு நிலத்திற்கு வழக்கு வந்தால் எதைக் காட்டுவோம்? ஆதலால், ஜமாஅத்தார் கல்லைப் படியெடுத்து, பத்திரங்களோடு பத்திரமாக வைக்க வேண்டும். பெற்றோர் தம் பிள்ளைகளை ஒருநாள் வாலாஜா சாலையில் நடத்திச் சென்று, மறைந்திருக்கும் மாளிகையையும் நிலைத்திருக்கும் பள்ளியையும் காட்ட வேண்டும். இரண்டையும் கண்ட பிள்ளை, எதைக் கட்டினால் நிற்கும் என்பதைத் தானே அறிந்துகொள்ளும்.